செவ்வகக் குழாயில் லாமினார் (கலங்காத, அடுக்கடுக்கான) ஓட்டம்: சிமுலேஷன் பண்ணியவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மெஷ்காரன்:
ஓப்பன்ஃபோம்ங்கிற ஓட்டச் சிமுலேஷன் மென்பொருளைக் கத்துக்க வர்ற எல்லாரும் முதல்ல கேவிட்டி டுடோரியலை (மூடின பெட்டிக்குள்ள திரவம் சுழலும் பயிற்சி) ஓட்டுறாங்க. படம் அழகா சுழலும். ஆனா வந்த விடை சரியான்னு பேனா பேப்பர் வச்சுச் சொல்ல முடியாது. செவ்வகக் குழாய் அப்படியில்ல. 1868-லேயே பிரெஞ்சுக் கணிதவியலாளர் பூசினெஸ்க் முடிவிலாத் தொடர் வடிவத்துல விடையை எழுதி வச்சுட்டார். அதனால புதுசா ஒரு சால்வர் (சமன்பாட்டைத் தீர்க்கிற நிரல்) கைக்கு வந்தா நான் முதல்ல இதைத்தான் கொடுப்பேன்.

என் கேஸ் இதுதான். 1 மி.மீ. பக்கமுள்ள சதுரக் குழாய், 50 மி.மீ. நீளம், 20 டிகிரித் தண்ணீர், சராசரி வேகம் நொடிக்கு 0.1 மீட்டர். ரெனால்ட்ஸ் எண் (நிலைமத்துக்கும் பாகுத்தன்மைக்கும் உள்ள விகிதம்) 100. நுழைவு நீளம் (ஓட்டம் முழுசா வளர ஆகும் தூரம்) 6 மி.மீ. கிட்ட வரும். அதைத் தாண்டின பிறகு நடுக்கோட்டு வேகம் சராசரியைப் போல 2.096 மடங்குல, அதாவது 0.2096-ல நிக்கணும். அழுத்தம் மீட்டருக்கு 2846 பாஸ்கல் வீதம் இறங்கணும். இந்த ரெண்டும் வராம ரெசிடுவல் (சமன்பாட்டில் மிஞ்சும் பிழை) மட்டும் அழகா கீழே போச்சுன்னா அந்த ரன்னை நான் நம்ப மாட்டேன்.

அழுத்தத்தை இன்லெட்டுக்கும் அவுட்லெட்டுக்கும் நடுவுல அளக்காதீங்க. இன்லெட்ல சீரான வேகம் கொடுத்திருப்பீங்க, சுவரோ அதே விளிம்புல வேகம் பூஜ்யம்னு சொல்லும். அந்த விளிம்புல அழுத்தம் எகிறும்; மெஷ்ஷை (கணக்குக்காகக் குழாயைப் பிரிக்கிற கட்டங்களை) நுணுக்க நுணுக்க இன்னும் எகிறும். ஓட்டம் முழுசா வளர்ந்த பிறகு, 20-வது மி.மீ.க்கும் 40-வது மி.மீ.க்கும் இடையில எடுத்தா 57 பாஸ்கல் கிடைக்கும்.

ஆய்வகவாத்தியார்:
அந்த 57 பாஸ்கல் பலருக்கும் 0.057 என்றுதான் வரும். வருடம் தவறாமல் என் மேசைக்கு வரும் கேள்வி இது. "சார், ஆயிரம் மடங்கு குறையுது, மெஷ் பத்தலையா?" என்பார்கள். மெஷ்ஷை எட்டு மடங்காக்கி ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு வந்தவர்களும் உண்டு. மெஷ்ஷில் ஒன்றுமில்லை. ஓப்பன்ஃபோமின் சால்வர்களான ஐகோஃபோம், சிம்பிள்ஃபோம் இரண்டும் அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்த நிலையிலேயே வைத்திருக்கும். அழுத்தத்துக்கான பி கோப்பைத் திறந்து அலகு வரியைப் பாருங்கள், கிலோகிராம் இடத்தில் சைபர் இருக்கும். தண்ணீர் என்றால் 1000-ஆல் பெருக்கினால் போதும். அந்த வரியைப் படிக்காமல் மேலே போகக் கூடாது என்பது இப்போது என் லேபில் சட்டம்.

கூலிங்பிளேட்:
நான் மின்னணுப் பெட்டிகளுக்குக் குளிர்விப்புத் தகடு வடிவமைக்கிறவன். எங்ககிட்ட வர்ற ரிப்போர்ட்கள்ல அடிக்கடி பார்க்கிறது: நேரம் மிச்சம்னு 2டி-ல ஓட்டி, "அழுத்த இழப்பு கம்மி, சின்ன பம்ப் போதும்"னு எழுதியிருப்பாங்க. 2டி-ன்னா பக்கச் சுவரே இல்லைன்னு அர்த்தம். மேலே சொன்ன சதுரக் குழாயையே 2டி-ல ஓட்டிப் பாருங்க, மீட்டருக்கு 1200 பாஸ்கல்தான் காட்டும். உண்மை 2846. பாதிக்கும் கீழே!

அகலம் உயரத்தைப் போல நாலு மடங்கு இருந்தாக்கூட 2டி விடையை விட நிஜ இழப்பு 19 சதவீதம் அதிகம். "அகலமான குழாய்தானே சார்" என்கிற சமாதானம் பம்ப் வாங்கும்போது எடுபடாது.

தூண்பலகை:
நான் கட்டுமானத் துறை, உள்ளே வரலாமா? உங்க குழாய் ஓட்டத்துக்கான சமன்பாட்டைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகமா இருந்தது. செவ்வகக் கம்பியை முறுக்கும்போது நாங்க தீர்க்கிறதும் இதே பாய்சான் சமன்பாடுதான். சதுரக் கம்பியின் முறுக்கு மாறிலி 0.1406 a⁴ (a பக்க நீளம்) என்று எங்க கையேட்டில் இருக்கும். உங்க சதுரக் குழாயின் ஓட்டக் குணகம் (ஓட்ட அளவு = குணகம் × அழுத்தச் சரிவு × a⁴ ÷ பாகுத்தன்மை) 0.03514. நாலால் பெருக்கிப் பாருங்க, அதே எண்தான். முறுக்கைத் தீர்த்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் சான் வெனான், 1850-களில். பூசினெஸ்க்குக்கு அவர் வழிகாட்டி. அப்புறம் 1903-ல் ஜெர்மன் பொறியாளர் பிராண்டில் சோப்புப் படலத்தை வச்சே முறுக்கைக் காட்டினார். சதுர ஓட்டையில் படலம் எப்படி உப்புமோ அதே வடிவம்தான் உங்க திசைவேகப் படமும். மூலையில் படலம் தட்டையாகக் கிடக்கும். அங்கே சுவர் உராய்வும் பூஜ்யம். கம்பியின் மூலையில் தகைவு இல்லாததும் இதனாலதான். எனக்கு இது தெரிஞ்ச அன்னிக்கு வேலையே ஓடலை.

மெஷ்காரன்:
@தூண்பலகை அருமைங்க. பீம் சாஃப்ட்வேரையே சரிபார்க்க ஆகும் போலிருக்கே.

சிப்லேப்:
எண்ணெல்லாம் பொருந்திடுச்சுன்னு வச்சுக்குங்க, அதுக்கப்புறம் லேபுக்கு வாங்க. நாங்க பிடிஎம்எஸ் என்கிற சிலிக்கோன் ரப்பர்ல மைக்ரோ சேனல் வார்க்கிறோம். வரைபடத்தில் அகலம் 100 மைக்ரோமீட்டர், உயரம் 50. எங்க கைக்கணக்கு (μ பாகுத்தன்மை, L நீளம், w அகலம், h உயரம்): எதிர்ப்பு = 12μL ÷ [wh³(1 − 0.63h/w)]. சிமுலேஷனும் இதுவும் ஒட்டிப் போகும். அளந்த அழுத்தம் மட்டும் 30 சதவீதம் கூட வந்தது. மாணவி ஒருத்தி சால்வர் அமைப்பை எல்லாம் புரட்டிப் பார்த்துட்டு, கடைசியில் சேனலைக் குறுக்கே வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வச்சாள். உயரம் 45. ஃபார்முலாவில் 45 போட்டுப் பாருங்க, அந்த 30 சதவீதம் அப்படியே வரும். உயரம் மூணாம் அடுக்கில் உட்கார்ந்திருக்கே.

இதுக்கு நேர்மாறாகவும் நடக்கும். பம்ப் அழுத்தத்தை ஏத்தினா ரப்பர் உப்பி, சேனல் பெரிசாகி, இழப்பு கணக்கை விடக் குறையும். அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் வரைந்த கோடு நேராக இல்லாம வளைஞ்சா, முதல் சந்தேகம் சுவர் மேலதான் வரணும்.

லாட்டிஸ்பையன்:
லாட்டிஸ் போல்ட்ஸ்மான்ல (திரவத்தைக் கட்டங்களில் நகர்ந்து மோதும் துகள்களாகக் கணக்கிடும் முறை) ஓட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை. சாதா பிஜிகே மோதலும் (ஒரே தளர்வு நேரம் கொண்ட மோதல் விதி) பவுன்ஸ்-பேக் சுவரும் (துகளை வந்த வழியே திருப்பும் சுவர்) சேர்ந்தா, பாகுத்தன்மையை மாத்தும்போது சுவரே இடம் நகரும். குழாய் அகலமாயிட்ட மாதிரி ஓட்டம் கூடும். ரெண்டு தளர்வு நேரம் கொண்ட டிஆர்டி-க்கு மாறினதும் எனக்கு அடங்கிடுச்சு.

ஆய்வகவாத்தியார்:
@மெஷ்காரன் சமச்சீர் எல்லையைப் பயன்படுத்திக் கால் பகுதியை மட்டும் ஓட்டினீர்களா, முழுக் குழாயையுமா?

மெஷ்காரன்:
ரெண்டும் ஓட்டினேன் சார். நேரான குழாயில் லாமினார் ஓட்டத்துக்குக் கால் பகுதியே போதும், விடை ஒண்ணுதான். வளைவு வந்தா டீன் சுழல்கள் (குறுக்குவெட்டில் எதிரெதிராச் சுழலும் ஓட்டங்கள்) ஜோடியா கிளம்பும். அப்போ வளைவுத் தளத்துக்கு மேல், கீழ்ச் சமச்சீர் மட்டும்தான் மிஞ்சும், பாதிக் குழாய் எடுக்கணும். வளைவு கேஸ் கோப்பு வேணும்னா சொல்லுங்க, அனுப்புறேன்.