42 புள்ளி, 15ஆம் இடம்: பிழை பயிற்றுநரிலா, ஆள் சேர்த்தவர்களிலா?

செம்பேய்_கிளிநொச்சி

மன்செஸ்டர் யுனைட்டட் ஆட்களிடம் ஒரு கேள்வி. மற்றக் கழகக்காரரும் வரலாம், ஆனால் சும்மா சிரித்துவிட்டுப் போகாமல் காரணத்தைச் சொல்லிச் சிரியுங்கள்.

இது 2025 ஜூன், 2024-25 சீசன் முடிந்து ஒரு மாதமாகிறது, கொதி கொஞ்சம் ஆறிவிட்டது, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். 38 ஆட்டத்தில் 18 தோல்வி. அடித்தது 44 கோல், வாங்கியது 54. 1973-74இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய பிறகு இவ்வளவு கீழே நாங்கள் முடித்ததில்லை. சரி, யூரோப்பா லீக் கிண்ணம் கிடைத்தால் இதையெல்லாம் மறந்துவிடலாம் என்றுதான் மே 21 இரவு இங்கே எல்லோரும் நினைத்தோம். பில்பாவோவில் இறுதி ஆட்டம், எங்கள் நேரம் இரவு பன்னிரண்டரைக்கு. விளையாட்டுக் கழகச் சுவரில் வெள்ளைச் சீலை கட்டி, புரொஜெக்டர் இரவல் வாங்கி, விடியப் புறம் வயலுக்குத் தண்ணீர் மாற வேண்டியவர்கள்கூட நித்திரை முழித்து இருந்தார்கள். லீக்கில் 17ஆம் இடத்தில் நின்ற டொட்டன்ஹம்தான் எதிரணி. முதல் பாதி முடியப் போகிற நேரம் பந்து பிரெனன் ஜோன்சனிலும் எங்கள் லூக் ஷோவிலும் பட்டு, மெல்ல உருண்டு உள்ளே போனது. அதைக் கோல் என்று சொல்லவே வெட்கம். பிறகு ஹொய்லுண்ட் தலையால் முட்டியதை வான் டி வென் கோட்டுக்கு முன்னால் அந்தரத்தில் பாய்ந்து காலால் தட்டி வெளியே எடுத்தார். அதோடு சரி. அந்த சீசனில் டொட்டன்ஹமோடு நான்கு தரம் ஆடி நான்கிலும் தோற்றோம்.

இப்போது எல்லோரும் பயிற்றுநர் அமோரிமைப் போட்டுத் தாக்குகிறார்கள். என்னைக் கேட்டால் பிழை அவர் வர முன்னமே நடந்து முடிந்துவிட்டது. 2024 எஃப்.ஏ. கிண்ணத்தை முந்தின பயிற்றுநர் டென் ஹாக் வென்றவுடன் ஜூலையில் அவருடைய ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டினார்கள். அவருக்காக அவருடைய பழைய அயாக்ஸ் பெடியள் டி லிக்டையும் மஸ்ராவியையும் வாங்கினார்கள். ஒக்டோபர் 28ஆம் திகதி அவரையே வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்கு பேர் பின்னால் நிற்கிற ஆட்டத்துக்குச் சேர்த்த அணியை, மூன்று பேரைப் பின்னால் வைத்துத்தான் ஆடுவேன் என்கிற ஒருவரிடம் நவம்பரில் தூக்கிக் கொடுத்தார்கள். இதற்கு யார் பொறுப்பு? ஆள் எடுக்கவென்று கொண்டுவந்த டான் அஷ்வேர்த்தும் ஜூலையில் வந்து டிசம்பரில் போய்விட்டார்.

எனக்கு உண்மையில் வயிற்றெரிச்சல் மக்டொமினேயில்தான். சின்ன வயதிலிருந்து எங்கள் அகாடமியில் வளர்ந்தவர். 2024 ஓகஸ்ட் 30ஆம் திகதி, ஒரே நாளில், அவரைச் சுமார் 25 மில்லியன் பவுணுக்கு நாப்போலிக்கு விற்று, அதைவிடக் கூடக் காசு கொடுத்து பி.எஸ்.ஜி.யிடமிருந்து உகார்ட்டேயை எடுத்தார்கள். பில்பாவோவில் நாங்கள் தோற்று இரண்டு நாள் கழிய, காலியாரிக்கு எதிராக மக்டொமினே கத்தரிக்கோல் உதையில் ஒரு கோல் போட்டு நாப்போலியை இத்தாலியச் சம்பியன் ஆக்கினார். அந்த லீக்கின் அந்த வருடத்துச் சிறந்த வீரரும் அவர்தான். விதைநெல்லை விற்றுப்போட்டு கடையில் அரிசி வாங்குகிற கமக்காரனை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

கேள்வி இதுதான்: அமோரிமை வைத்து அவருக்கு ஏற்ற ஆட்களை எடுத்துக் கொடுப்பதா, அல்லது இப்போதே மாற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா?

வவுனியா_கன்னர்

42 புள்ளி. ஜோன்சன் அடித்தது 42ஆவது நிமிடம். மக்டொமினே காலியாரிக்கு அடித்ததும் 42ஆவது நிமிடம். லொத்தர் எடுக்கிறவர்கள் குறித்து வைத்துக்கொள்ளவும்.

சரி, காரணம் கேட்டாய் தம்பி, சொல்கிறேன். முன்வரிசைக்கு ஆள் எடுக்காமல் சீசன் தொடங்கினால் என்ன நடக்கும் என்று ஆர்சனல்காரர் எங்களைக் கேள். ஜனவரியில் ஜேசுசுக்கு முழங்கால் போனது, பெப்ரவரியில் டுபாய்ப் பயிற்சி முகாமில் ஹாவெர்ட்சுக்குத் தொடைத்தசை போனது, கடைசியில் நடுக்களத்து மெரினோவை முன்னால் விட்டு ஆடினோம். ரியல் மட்ரிட்டை உள்ளேயும் வெளியேயும் வென்ற அணி, லீக்கில் 14 ஆட்டத்தைச் சமநிலையில் விட்டு லிவர்பூலுக்குப் பின்னால் நின்றது. உங்களுடையது இன்னும் மோசம். நாங்கள் ஆள் எடுக்கவில்லை. நீங்கள் எடுத்தீர்கள், கோல்தான் வரவில்லை. ஹொய்லுண்ட் லீக்கில் 4, சிர்க்சீ 3. இரண்டு பேருக்கும் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும்.

மன்னார்_ஏழாம்_இலக்கம்

தம்பி கிளிநொச்சி, நான் 1999இல் காம்ப் நூ மைதானத்தில் சம்பியன்ஸ் லீக் கிண்ணம் எடுத்த நாளிலிருந்து இந்தக் கழகத்தோடு கிடந்து மாரடிக்கிறேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். மக்டொமினே கதையில் நீர் பாதியைத்தான் சொல்கிறீர். அவர் இங்கே இருந்தபோது பின்வரிசைக்கு முன்னால் காவல் நிற்கிற ஆறாம் இலக்கமா, முன்னேறி ஆடுகிற எட்டாம் இலக்கமா என்று ஒருவருக்கும் தெரியாது. பந்தைக் காலில் வைத்து ஆட்டத்தைக் கட்டத் தெரியாதவர் என்று அவரை வாய்க்கு வந்தபடி ஏசியது யார்? நாங்கள்தான். அங்கே நாப்போலியில் பயிற்றுநர் கொன்டே என்ன செய்தார்? பந்தைக் கட்டுகிற வேலையை லொபொட்காவிடம் விட்டுவிட்டு, மக்டொமினேயை எதிரணியின் கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் ஓட விட்டார். அதுதான் 12 லீக் கோல். இங்கேயே இருந்திருந்தால் அந்தப் 12 வந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அமோரிம் பக்கம் நீர் நிற்பதும் எனக்கு விளங்கவில்லை. லீக்கில் 27 ஆட்டம், 27 புள்ளி. ஏழே ஏழு வெற்றி. ஆள் இல்லை, காயம், பயிற்சிக்கு நேரமில்லை, எல்லாம் சரி. ஆனால் பத்து ஆட்டம் பார்த்து இந்த ஆட்களுக்கு இந்த முறை சரிவரவில்லை என்று தெரிந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நிற்பவரை என்ன சொல்வது? இடைக்காலப் பயிற்றுநராக வான் நிஸ்டல்ரூய் லெஸ்டரை 3-0 வென்றபோது இதே ஆட்கள்தானே? ஸ்போர்ட்டிங்கில் இரண்டு லீக் கிண்ணம் எடுத்தவர், கெட்டிக்காரர், மறுக்கவில்லை. கெட்டிக்காரருக்குப் பிடிவாதமும் இருந்தால்தான் பிரச்சினை. இறுதிப் போட்டிக்குக் கர்னாச்சோவை வாங்கிலில் இருத்திவிட்டு மவுண்டைத் தொடங்க விட்டது எந்தக் கணக்கு?

முல்லை_இடதுகால்

நான் இங்கே பெண்பிள்ளைகள் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். மன்னார் அண்ணா, இலக்க வரிசை முக்கியமே இல்லை. அமோரிமின் 3-4-3இல், அதாவது பின்னால் மூன்று, நடுவில் நான்கு, முன்னால் மூன்று பேர் நிற்கிற முறையில், முழு ஆட்டமும் இரண்டு ஓரத்தில் ஓடுகிறவர்களில்தான் நிற்கிறது. பந்து எங்களிடம் இருக்கும்போது அவர்கள் முன்வரிசையில் நான்காவது, ஐந்தாவது ஆள். பந்து போன அடுத்த நிமிடம் பின்னால் ஓடிவந்து பின்வரிசையை ஐந்தாக்க வேண்டும். அந்த இரண்டு இடத்துக்கும் கழகத்தில் ஆளே இல்லை. இடப்பக்கம் பாதி நாள் டலோ ஆடினார். அவர் வலதுகாலர். கோட்டு ஓரமாகப் பந்து வரும், இடதுகாலால் ஒரே உதையில் குறுக்கே போட வேண்டும், அவர் நிறுத்துவார், உள்ளே திருப்பி வலதுகாலுக்கு மாற்றுவார். அந்த இரண்டு வினாடிக்குள் பெட்டிக்குள் நிற்கிற ஹொய்லுண்டைச் சுற்றி மூன்று பேர் வந்துவிடுவார்கள். பிறகு ஹொய்லுண்ட் கோல் அடிக்கவில்லை என்று ஏசுவது. அந்தப் பெடியனுக்கு ஆட்டத்துக்கு எத்தனை பந்து வந்தது என்று ஒருக்கால் எண்ணிப் பாருங்கள். டோர்கு பெப்ரவரியில்தான் வந்தார், அதுவும் இருபது வயதுப் பிள்ளை.

அடுத்தது நடுக்களம். இந்த முறையில் நடுவில் இரண்டே பேர். டிசம்பர் 30 நியூகாசில் ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கசமிரோவும் எரிக்சனும் நிற்கிறார்கள், இருவருக்கும் முப்பது தாண்டிவிட்டது. எதிரில் டொனாலி, கிமாரெய்ஸ், ஜொலிண்டன், மூன்று குதிரைகள். 20 நிமிடத்துக்குள் 2-0. 33ஆவது நிமிடத்தில் சிர்க்சீயை வெளியே எடுத்து நடுக்களத்து மெய்னூவை விட்டார்கள். சொந்த மைதானத்தில் சொந்த ஆட்களே அதற்குக் கை தட்டினார்கள். அவர் தலையைக் குனிந்தபடி நேரே உள்ளே போனார். எனக்கு அந்த இரவு சிர்க்சீயில் கோபம் வரவில்லை, கை தட்டினவர்களில்தான் வந்தது. நடுவில் ஆள் போதாமல் முன்னால் நின்றவனைப் பலி கொடுத்தது பயிற்றுநரின் பிழை. அந்த நடுவுக்கு ஓடக்கூடியவர்களை வாங்காமல் விட்டது மேலே இருப்பவர்களின் பிழை. இரண்டும்தான்.

இன்னொன்று, அமாட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே? சவுத்ஹம்ப்டனோடு கடைசிப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் மூன்று கோல் போட்ட பிள்ளை. சீசன் முழுக்க எனக்குச் சந்தோசம் தந்தது அவரும் புரூனோவும்தான்.

மல்லாவி_சிவப்பு

அக்கா சொல்வது சரி, ஆனால் யூரோப்பா லீக் காலிறுதி லியோன் ஆட்டத்தை விட்டுவிட்டீர்களே! 2-0 முன்னால் நின்று 2-2 ஆக்கி, பத்துப் பேரோடு ஆடுகிற லியோனிடம் மேலதிக நேரத்தில் 4-2 பின்னால் போய், பிறகு புரூனோ, மெய்னூ, 121ஆவது நிமிடம் மகுவையர் தலையால். அந்த இரவு நான் கத்தின கத்தில் அயல்வீட்டு நாய் எல்லாம் குரைத்து, யானை வந்துவிட்டதாக்கும் என்று பக்கத்து வளவில் வெடி கொளுத்திவிட்டார்கள். அதற்காகவே இந்தக் கழகத்தை விட முடியாது.

ராஷ்ஃபோர்ட் விசயத்தில் நான் அமோரிம் பக்கம். டிசம்பரில் மன்செஸ்டர் சிட்டி ஆட்டத்துக்கு அவரையும் கர்னாச்சோவையும் எடுக்கவில்லை, அந்த ஆட்டத்தைத்தான் 2-1 வென்றோம். பயிற்சியில் முழுதாக ஓடாதவரைவிட 63 வயது கோல்காப்புப் பயிற்றுநரை இறக்குவேன் என்ற மாதிரி வெளிப்படையாகவே சொன்னார். கொஞ்சம் கூடின பேச்சுத்தான், ஆனால் ஒருவராவது சொல்ல வேண்டியிருந்தது. வில்லாவுக்கு இரவல் போய் இப்போது திரும்பி வந்து நிற்கிறார். அன்டனியும் பெட்டிஸ் போனவுடன் வேறு ஆள் போல ஆடுகிறார். எங்களிடம் இருந்து வெளியேறினால்தான் எல்லோருக்கும் ஆட்டம் வருகிறது, அதற்கு என்ன மருந்து?

செம்பேய்_கிளிநொச்சி

மன்னார் அண்ணா, மக்டொமினே எங்களிடம் 12 கோல் அடித்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஏன் விற்றார்கள் என்பதுதான் என் கதை. ஆட்டத்துக்காக விற்கவில்லை, கணக்குப் புத்தகத்துக்காக விற்றார்கள். வெளியே வாங்கின ஒருவரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துத்தான் கணக்கில் எழுதுவார்கள், அதனால் அவரை விற்கும்போது இன்னும் கழியாமல் கிடக்கிற பங்கைக் கழித்து மிச்சம்தான் இலாபம். அகாடமிப் பிள்ளைக்கு வாங்கின விலை என்று ஒன்று இல்லை, விற்ற முழுக் காசும் அந்த வருடத்து இலாபம். மூன்று வருடத்தில் 105 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்று அப்போது பிரீமியர் லீக் சட்டம் வைத்திருந்தது. அப்படியென்றால் அன்டனிக்குக் கொட்டின காசின் ஓட்டையை அடைக்க முதலில் யாரை விற்பார்கள்? வீட்டுப் பிள்ளையைத்தான். அதுதான் இப்போது மெய்னூவையும் கர்னாச்சோவையும் பற்றி வருகிற செய்தியைப் பார்த்தாலே எனக்குப் பத்துகிறது. 1937இலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அகாடமிப் பிள்ளை ஒருவராவது அணியில் இருக்கிற கழகம் இது.

அங்கே ஊழியரின் இலவச மதியச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார்கள், நூற்றுக்கணக்கானவரை வேலையால் நிற்பாட்டினார்கள், நுழைவுச்சீட்டை 66 பவுண் ஆக்கினார்கள். ஒரு பிழையான வீரரின் விலையில் இந்தச் சாப்பாட்டை எத்தனை வருடம் போட்டிருக்கலாம்.

முல்லை அக்கா சொன்னதோடு எனக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. முன்வரிசைக்குக் குன்யா வந்தது நல்லது, 62.5 மில்லியன் கூடத்தான், ஆனால் பந்தை எடுத்துக்கொண்டு தனியாக ஓடுகிற ஒருவர் வேண்டும். பிரெண்ட்ஃபோர்டின் எம்பியூமோவையும் கேட்கிறார்கள், 20 லீக் கோல் அடித்தவர். இருவரும் இந்த லீக்கிலேயே காய்த்தவர்கள். ஆனால் நடுக்களத்துக்கு ஒரு பேச்சும் இல்லை, கோல்காப்பாளர் ஓனானாவைப் பற்றியும் இல்லை.

மன்னார்_ஏழாம்_இலக்கம்

கணக்கு விளக்கம் நல்லது தம்பி, அதை ஏற்கிறேன். மெய்னூவை விற்றால் நானும் உம்மோடு சேர்ந்து கத்துவேன். ஆனால் அமோரிமுக்கு நவம்பர் வரைதான் என் பொறுமை. ஐரோப்பிய ஆட்டமும் இல்லை, கிழமைக்கு ஒரு ஆட்டம், பயிற்சிக்கு நேரமில்லை என்ற கதை இனி எடுபடாது.

முல்லை_இடதுகால்

நடுக்களத்துக்கு ஆள் வராவிட்டால் நவம்பர் வரைகூடப் போகாது அண்ணா. இரண்டு முன்வரிசைக்காரரை வாங்கி அவர்களுக்குப் பின்னால் அதே கசமிரோவை ஓட விட்டால் நியூகாசில் ஆட்டம் திரும்பவும் நடக்கும்.

வவுனியா_கன்னர்

நவம்பர் எதற்கு? அட்டவணை வந்துவிட்டது, பார்க்கவில்லையா? ஓகஸ்ட் 17 ஞாயிறு, முதல் ஆட்டமே ஓல்ட் ட்ரஃபர்ட்டில் எங்களோடுதான். கிளிநொச்சிக்கு பஸ் ஏறி வருகிறேன், அந்தச் சீலையைத் தோய்த்துக் கட்டி வை.

செம்பேய்_கிளிநொச்சி

வாங்கோ. தோற்றால் கொத்து என் காசு, வென்றால் ஏ9இல் கடைசி பஸ் போகும் வரை உங்களை விடமாட்டோம். புரொஜெக்டர் யாரிடமாவது இருந்தால் சொல்லவும், போனமுறை தந்தவர் லிவர்பூல் ஆள், இனித் தரமாட்டாராம்.