பழைய மகிந்திரா எம்எம்540 ஜீப்: 45 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது, ஏற்றத்தில் சூடாகிறது. குடும்பத்தோடு மலைக்குப் போக எங்கிருந்து ஆரம்பிப்பது?

பாலாற்றங்கரை:
வணக்கம். அணைக்கட்டு பக்கம் மாமனார் தோட்டத்துக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்த 1993 மாடல் மகிந்திரா எம்எம்540 என் கைக்கு வந்திருக்கிறது. பெஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சின், 2112 சிசி. ஆர்.சி.யில் இன்னும் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றுதான் இருக்கிறது, 2028 வரை செல்லும். சேஸிஸ் நன்றாக இருக்கிறது, தரைத் தகடு மட்டும் ஓட்டை.

ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. மனைவி, 8 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், அம்மா. ஜமுனாமரத்தூர், காவலூர் பக்கம், பீஞ்சமந்தையைச் சுற்றியுள்ள மண் பாதைகள், இவ்வளவுதான். மழை விட்ட மறுநாளும் போய் வர வேண்டும்.

தொல்லைகள்: 45-ஐத் தொட்டதும் சின்னப் பள்ளத்தில் இறங்கினால் போதும், ஸ்டீயரிங் கையை விட்டுப் பிடுங்குகிற அளவுக்கு உதறுகிறது. வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும். ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்புக்குப் போகிறது. லோ கியர் தானாகக் கழன்றுகொள்கிறது. பட்டறையில் காட்டினேன். மூன்று அங்குலம் தூக்கி, 31 அங்குல டயரும் பவர் ஸ்டீயரிங்கும் போட்டால் உதறல் போய்விடும் என்கிறார்கள். போடலாமா?

ஆற்காட்டு டீசல்:
போடாதீர்கள் தம்பி. உதறல் போகாது, மறையும். ஆட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பெரிய டயரை மாட்டினால் அந்த எடை முழுவதையும் தேய்ந்துபோன கிங் பின் (முன் சக்கரம் இடம் வலம் திரும்புகிற முளை) பேரிங்தான் தாங்க வேண்டும். ஷேக்கிளை (பட்டை ஸ்பிரிங்கை சேஸிஸோடு கோக்கிற இணைப்பு) நீட்டித் தூக்கினால் கேஸ்டர் கோணமும் (கிங் பின் முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) மாறிவிடும், அப்புறம் புது உதறலுக்கு வேறு வைத்தியம் தேட வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுங்கள். டயரின் தலையில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். டக் டக் என்கிறதா? இப்போது யாரையாவது பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். பிரேக் பிடித்ததும் டிரம் பின்தகட்டோடு இறுகிவிடும், வீல் பேரிங்குக்கு அசைய இடம் இருக்காது. அதனால்தான் இந்தச் சோதனை பலிக்கிறது.

அடுத்தது, வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடம் வலமாக லேசாக ஆட்டட்டும். நீங்கள் குனிந்து டை ராடு எண்டு (சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) ஒவ்வொன்றின் மேலும் விரல் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கிற யூ போல்ட், ஷேக்கிள் புஷ் இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

குடியாத்தம் ஜீப்:
சூட்டுக்கு: ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர்தானே ஊற்றியிருப்பார்கள்? நம்ம பக்கத்து உப்பு உள்ளே சுண்ணாம்பாகப் படிந்திருக்கும். கழற்றிக் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். விசிறியைச் சுற்றி இருக்கிற கூடு இருக்கிறதா பாருங்கள். பழைய ஜீப்பில் முதலில் காணாமல் போவது அதுதான். அது இல்லாவிட்டால் மெதுவாக ஏறும்போது காற்று ரேடியேட்டர் வழியாக இழுபடாது. தெர்மோஸ்டாட்டையும் பிடுங்கிப் போட்டிருப்பார்கள், புதிது வாங்கிப் போடுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்காமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. சூட்டோடு மூடியைத் தொட வேண்டாம்.

லோ கியர் கழல்வதற்கு: டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) பிரிக்கும் முன் கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். அது நைந்திருந்தால் ஏற்றத்தில் மொத்தப் பெட்டியும் அசைந்து லிவரைத் தள்ளிவிடும். ரப்பர் சரியாக இருந்தால் மட்டும் உள்ளே லிவரைப் பிடித்து நிறுத்துகிற ஸ்பிரிங், குண்டு இரண்டையும் பாருங்கள். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும்.

மலையடிவாரம்:
எல்லோரும் எஞ்சினிலேயே நிற்கிறீர்கள். பின்னால் பக்கவாட்டு பெஞ்சா சார்? அப்படியானால் பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள். முன்பக்கம் பார்த்த சீட், தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்த பெல்ட், அதன் போல்ட் தகட்டில் இல்லாமல் சேஸிஸோடு சேர்ந்த இரும்பில். சீட் மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு (வண்டியை மாற்றியமைப்பது) பற்றி 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, தயாரிப்பாளர் கொடுத்த அளவைத் தாண்டி மாற்றுவது சிக்கல். இன்சூரன்ஸ்காரர்களுக்கும் அது ஒரு சாக்கு. பெரிய டயர் வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம்.

பிரேக்: மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறையா என்று பாருங்கள். ஒற்றை என்றால் ஒரு பைப் விட்டாலே நான்கு சக்கரமும் போச்சு. பைப், ஹோஸ் அத்தனையும் புதிது. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

காப்புக் காட்டுக்குள் பாதை தெரிகிறதே என்று திருப்பிவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் நுழைந்தால் வனச் சட்டப்படி வழக்கு. ஊர்களுக்குப் போகிற பாதையே ஜவ்வாது மலையில் போதுமான அளவு இருக்கிறது.

பாலாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. மைத்துனரை பிரேக் மேல் உட்கார வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் பிரேக் பிடித்தும் ஆடுகிறது. வலது பக்கம் நின்றுவிட்டது. இடது டை ராடு எண்டிலும் விரலுக்குத் தட்டுகிறது. விசிறிக் கூடு இல்லவே இல்லை. மவுண்ட் ரப்பர் பிசுபிசுவென்று கையோடு வருகிறது. பக்கவாட்டு பெஞ்சுதான், அம்மாவுக்கு அதில் ஏறவே முடியாது.

இடது கிங் பின் மட்டும் மாற்றினால் போதுமா?

ஆற்காட்டு டீசல்:
இரண்டு பக்கமும் மாற்றுங்கள். வலது வீல் பேரிங்குக்கு எப்படியும் அந்த ஹப்பைப் பிரிக்கத்தானே போகிறீர்கள். பழைய ஷிம்களை (இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) மேல், கீழ் என்று தனித்தனியாகக் கம்பியில் கோத்து வையுங்கள், கலந்துவிட்டால் பாடு. பேரிங் உட்கார்ந்ததும், டை ராடு மாட்டும் முன், ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு நக்கிளை (கிங் பின்னில் திரும்புகிற பாகம்) இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேசாக இறுக்கம் காட்ட வேண்டும். சும்மா திரும்பினால் ஷிம் எடுக்க வேண்டும், இழுக்கவே முடியாவிட்டால் சேர்க்க வேண்டும். தராசு எதற்கு, கையே போதும் என்கிற மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முடிந்ததும் டோ-இன் (முன் சக்கரங்கள் முன்புறம் லேசாக உள்நோக்கி இருக்கும் அளவு) பார்த்துவிட்டு 6.00-16 டயரிலேயே ஓட்டுங்கள். சேற்றில் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம், திரும்ப அடிக்க பம்பு வண்டியிலேயே இருக்கட்டும்.

தார் ரோட்டுக்கு வந்ததும் ஃபோர்-வீல் டிரைவை (நான்கு சக்கர இயக்கம்) எடுத்துவிடுங்கள். முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிற நடு டிஃபரன்ஷியல் இதில் கிடையாது, வளைவில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும்.