ஒரே போர்ட்டில் ரௌட்டர்: வேகம் பாதியாகுமா?

நீலக்கம்பி:
“ஒரே ஈதர்நெட் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டரை ரௌட்டராக்காதீர்கள், வேகம் பாதியாகிவிடும்” என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். புதிதாக வருகிறவர்களை இப்படித்தான் பயமுறுத்தி விரட்டுகிறீர்கள். என் வீட்டில் பழைய டெஸ்க்டாப்பில் ஓபன்டபிள்யூஆர்டி (லினக்ஸ் அடிப்படையிலான ரௌட்டர் மென்பொருள்), வீலான் பிரிக்கத் தெரிந்த ஒரு மேனேஜ்டு ஸ்விட்ச், இரண்டு வீலான் (ஒரே கம்பியில் தனித்தனியாக ஓடும் நெட்வொர்க்குகள்: ஒன்று இணையத்துக்கு, ஒன்று வீட்டுக்கு). 300 எம்பிபிஎஸ் இணைப்பு முழுசாக வருகிறது.

பழையபெட்டி:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். வருவதும் அதே கம்பி, போவதும் அதே கம்பி. பாதிதான்.

நீலக்கம்பி:
கிகாபிட் ஈதர்நெட் ஃபுல் டூப்ளெக்ஸ், அதாவது இரு திசையிலும் ஒரே நேரத்தில் ஓடும். வர 1000 எம்பிபிஎஸ், போக 1000, தனித்தனி. டவுன்லோடு ஒரு திசையில் ரௌட்டருக்குள் நுழைந்து மறு திசையில் லேப்டாப்புக்குப் போகிறது. டவுன்லோடும் அப்லோடும் சேர்ந்து 1000-ஐத் தாண்டினால்தான் இடிக்கும்.

பழையபெட்டி:
இடிக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சரி, பாதி.

நீலக்கம்பி:
டவுன்லோடு 300, அப்லோடும் 300 என்றே வைத்தாலும் 600தான், 1000-ஐத் தொடவில்லை. பள்ளிக்கூடக் கணக்கு இது.

மொட்டைமாடி:
கரண்ட் பில்லைப் பற்றி யாரும் பேசவில்லையே. டெஸ்க்டாப் 50 வாட் இழுத்தால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் முக்கால்வாசி ரௌட்டருக்கே போகும். இன்டெல் என்100 போட்ட மினி பிசி வாங்குங்கள். நாலு போர்ட்டோடும் கிடைக்கிறது, சிப்பின் டிடிபி (வெப்ப வடிவமைப்புக்கான மின் அளவு) 6 வாட்தான்.

பழையபெட்டி:
பார்த்தீர்களா, நாலு போர்ட்! ரியல்டெக் நெட்வொர்க் கார்டு விஷயத்திலும் நீலக்கம்பி பேச்சைக் கேட்டுத்தான் நான் கெட்டேன். தினமும் இணைப்பு அறுந்தது.

நீலக்கம்பி:
அந்தக் கதையை இன்னும் எத்தனை நாள் இழுப்பீர்கள்? நான் சொன்னது லினக்ஸுக்கு. நீங்கள் போட்டது பிஎஃப்சென்ஸ் என்ற வேறொரு ரௌட்டர் மென்பொருள், அது ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளத்தில். அங்கே ரியல்டெக் டிரைவர் தொல்லை ஊரறிந்தது, இன்டெல் கார்டு போடுங்கள் என்று அன்றே எழுதினேன். பிபிபிஓஈ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) இணைப்பில் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1492 பைட் என்று வைக்கச் சொன்னதையும் கேட்கவில்லை. ஃபைபர் கம்பி வந்து சேரும் ஓஎன்டி பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரௌட்டர் வேலை செய்யாமல் வெறுமனே கடத்திவிடும் நிலை) போடாமல் அதற்குப் பின்னால் இன்னொரு ரௌட்டரை வைத்து இரட்டை நேட் (ஐபி முகவரி மாற்றும் வேலையை இரண்டு பெட்டியும் செய்வது) ஓட்டினீர்கள். இத்தனையும் செய்துவிட்டு பழி என் மேல்.

திண்ணை:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. பழைய வைஃபை ரௌட்டரை என்ன செய்வது?

நீலக்கம்பி:
அதில் டிஎச்சிபியை (மற்ற கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள், அதன் ஐபி முகவரியைப் புது ரௌட்டரோடு மோதாமல் மாற்றுங்கள். இணையத்துக்கான வேன் போர்ட்டை விட்டுவிட்டு, வீட்டுக் கருவிகளுக்கான லேன் போர்ட்டில் கம்பியைச் சொருகுங்கள். வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் ரெடி. பழையபெட்டி, நீங்கள் ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் மென்பொருளை ஓட்டி ஒருமுறையாவது அளந்தீர்களா?

பழையபெட்டி:
எதற்கு அளக்க வேண்டும்? ஒரு கம்பி, இரண்டு வேலை. பாதி.

மொட்டைமாடி:
72 யூனிட்டுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.