வெயிலில் செத்த பாலிமர்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

செம்பனைக்காரன்:
மலேசியாவில் பாடாங் செராய் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை. பழம் நிறுக்கிற இடத்தில் நிழல் கிடையாது, மோட்டார் சைக்கிள் வெயிலிலேயே கிடக்கும். ஒருநாள் சாவியைத் திருப்பினால் டிஜிட்டல் மீட்டரில் எண்களே இல்லை, கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கறைதான். பட்டறையில் மீட்டரையே மாற்றச் சொன்னார்கள். அங்கிருந்த தம்பி ஒருவன் மேலிருந்த போலரைசர் ஃபிலிமை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் பாலிமர் படலம்) உரித்து, புதுசை வைத்துக் கொஞ்சம் திருப்பினான் பாருங்கள், எண்கள் கறுகறுவென்று வந்து நின்றன! உள்ளே திரவப் படிகத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. யூவி, அதாவது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தப்பித்திருக்கும் என்றுதான் இன்னும் தோன்றுகிறது.

கூலிம் நைட் ஷிஃப்ட்:
அண்ணே, நான் படிக்கும்போது ஆய்வுக்கூடத்தில் பார்த்தது வேறு வகை. ஃபைபரில் போகிற ஒளியை மின்னழுத்தத்தால் மாடுலேட் செய்யும், அதாவது தகவலுக்கேற்ப மாற்றும் பாலிமர், உள்ளே ஒளியை உறிஞ்சி நிறம் தரும் குரோமோஃபோர் மூலக்கூறுகள். சீனியர் அக்கா நீல ஒளியை ஒரு புள்ளியில் குவித்தார், கரும்பச்சைப் படலத்தில் அந்த இடம் மட்டும் கண்ணெதிரே வெளுத்தது. அப்புறம் காற்றை விலக்க நைட்ரஜனை ஓடவிட்டுப் பக்கத்து இடத்தில் அதே ஒளி, அதே நேரம். நிறம் மாறின மாதிரியே தெரியவில்லை. ஒளியை வாங்கிய குரோமோஃபோர் ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது, அது எளிதில் வினைபுரியும் சிங்க்லெட் ஆக்சிஜனாகித் திரும்ப வந்து குரோமோஃபோரின் இரட்டைப் பிணைப்பையே உடைக்கிறது. காற்றுப் புகாமல் மூடினாலே ஆயுள் எவ்வளவோ கூடும்.

பழைய டெக்னீஷியன்:
யூவி ஸ்டிக்கர் பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் கோயில் வாசல் எல்சிடி பலகையும் மேற்கு வெயிலில் இப்படித்தான் போனது. போலரைசரில் அயோடின் ஏற்றிய பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) படலத்தை இருபுறமும் செல்லுலோஸ் அசெட்டேட் காக்கிறது, அதில் யூவி உறிஞ்சி கலந்துதான் வருகிறது. நம் ஊர்ச் சூடும் ஈரமும் சேர்ந்துதான் அயோடினைக் கெடுக்கின்றன. மோட்டாரை நிழலில் விடுங்கள், முடியாவிட்டால் மீட்டர் மேல் வெளிர் நிறத் துணி போடுங்கள், கறுப்பு பிளாஸ்டிக் வேண்டாம், மழை விட்டதும் ஈரத்தோடு மூடவும் வேண்டாம். தம்பி, உங்களுக்கும் ஒன்று. உங்கள் ஆய்வுக்கூடப் பாலிமரில், வெயிலில் பிளாஸ்டிக் கெடாமல் காக்கும் அமீன் வகை நிலைப்படுத்தியைக் கலந்து பார்த்தார்களா? அது யூவியை உறிஞ்சாது, உண்டாகிற ராடிக்கல்களை, அதாவது எளிதில் வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகளைப் பிடித்து அடக்கும். நர்சரிக் கூரை பிளாஸ்டிக் இத்தனை வெயிலைத் தாங்குவது அதனால்தான்.

கூலிம் நைட் ஷிஃப்ட்:
கூரைக்குச் சரி அண்ணே. இந்தப் பாலிமரைச் சூடாக்கி, மின்புலத்தால் குரோமோஃபோர்களை ஒரே திசைக்குத் திருப்பி, அப்படியே ஆறவைத்துப் பூட்டுகிறோம். சின்ன மூலக்கூறுகளைக் கூடுதலாகக் கலந்தால் பாலிமர் இளகும் வெப்பநிலை இறங்கிவிடும், திருப்பி வைத்தவை மெல்லக் கலைந்துபோகும். சேர்க்கத்தான் வேண்டும் என்றால் பாலிமர் சங்கிலியோடு பிணைத்துச் சேர்க்க வேண்டும்.