தேயிலைத் தோட்ட லயத்து (வரிசை வீட்டு) வாட்ஸ்அப் குழு: ஆத்துல போற மண்ணு

நான்: ரெண்டு நாளா மழை விடல. கொத்மலை ஓயா பால் தேத்தண்ணி கலர்ல ஓடுது, போட்டோ பாருங்க. குடிக்கப் புடிக்கிற பீலித்தண்ணியும் (மலை ஊத்துத் தண்ணி) கலங்கிருச்சு

சித்தி: துணியில வடிகட்டி காய்ச்சிக் குடிங்க புள்ள

கொழும்பு அண்ணன்: இங்க களனி ஆறும் செவந்துதான் கெடக்கு. ஒங்க தலவாக்கலை தண்ணிதானே இங்க வருது?

பெரியப்பா: இல்ல தம்பி. ஹட்டன் மலைமுதுகுதான் பிரிவு. அந்தப்பக்கம் விழுற மழை கெசல்கமு ஓயா, காசல்ரீ, நோர்ட்டன்பிரிட்ஜ்னு களனியில சேந்து ஒங்கிட்ட வரும். இந்தப்பக்கம் விழுந்தா கொத்மலை ஓயா, அப்புறம் மகாவலி, கடைசில மூதூர் பக்கம் கொட்டியாரக்குடாவுல கடலுக்கு. 335 கிலோமீட்டர் ஆறுப்பா மகாவலி

சித்தி: அப்ப நம்ம மண்ணும் திருகோணமலைக்குத்தான் போவுதா மாமா

பெரியப்பா: தண்ணி போகும், மண்ணுல நெறைய வழியிலயே நின்னுரும். மேல் கொத்மலை, கொத்மலை, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பைன்னு வரிசையா அணை இருக்குல்ல, தண்ணி வேகமா ஓடுற வரைக்கும்தான் மண்ணைத் தூக்கும், தேங்குற எடத்துல போட்டுரும். ரந்தம்பையில போய் பாத்தா வெலிமடை மரக்கறித் தோட்டத்து மண்ணு, உமா ஓயா கொண்டாந்து கொட்டுனது

நான்: ஆமா பெரியப்பா நேத்து ஆத்துத் தண்ணிய ஒரு போத்தல்ல புடிச்சு ஜன்னல்ல வச்சேன், வச்ச ஒடனே அடியில மணல் கோடு மாதிரி படிஞ்சு மினுங்குது, அதுக்கு மேல சேறு, ஆனா இன்னிக்கு காலையில பாத்தாலும் மேல் தண்ணி மஞ்சளாத்தான் நிக்குது

பெரியப்பா: அந்த மஞ்சள்தாம்மா மாவு மாதிரி களிமண்ணு. லேசுல படியாது, ரொம்பத் தூரம் போகும். பசளைச் சத்து ஒட்டியிருக்கிறதும் அதுலதான், அது போனா தேயிலைச் செடிக்கு என்ன மிஞ்சும்? 20 வருஷம் தேயிலை மலையில கான் (மழைத்தண்ணி வடியுற வாய்க்கால்) வெட்டுனவன் சொல்றேன், கான்ல எடைக்கெட குழி விடுவோம், மழைக்கு வர்ற மண்ணு அதுல தங்கும், வெயில் வந்ததும் அள்ளி திரும்ப தூர்லயே போடுவோம். இப்ப மேல்மலையில ஒரு குழி கூட கண்ணுக்குத் தெரியல, எல்லாம் தூந்து போச்சு. பாத்தா வயிறு எரியுது

சித்தி: நம்ம லீக்ஸ் பாத்தியும் மேலருந்து கீழ நேராத்தானே போட்டிருக்கு 😟

பெரியப்பா: அதான் மண்ணு ஓடுது. சரிவுக்குக் குறுக்கால போடணும், ஓரத்துல மானாப்புல்லு நட்டா வேர் புடிச்சுக்கும்

நான்: ஞாயித்துக்கிழமை பெரட்டு (தோட்ட வேலைக்கு ஆள் கூப்பிடுறது) இல்ல, வாங்க பெரியப்பா பாத்திய மாத்திருவோம்

பெரியப்பா: வாரேன். ரெண்டு மம்பட்டி எடுத்து வை, புல்லு எங்க வேலியிலருந்து பிரிச்சுக் கொண்டாரேன்