வளையும் எலக்ட்ரானிக்ஸ்: பல்கலைக்கழகம் கம்பெனியோடு சேர்வது நல்லதா?

மின்தறி:
2015-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் கம்பெனிகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்த நெக்ஸ்ட்ஃபிளெக்ஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 7.5 கோடி டாலர், மற்றவர்கள் பங்கும் சேர்த்து 17.1 கோடி. பிளாஸ்டிக் தாளில் வெள்ளி மையால் மின்தடங்களை அச்சடித்து, மெலிதாகத் தேய்த்த சிலிக்கான் சிப்பை அதில் ஒட்டுகிற வேலைக்குத்தான் இவ்வளவும். இந்தப் பணம் உள்ளே வந்தபின் பேராசிரியர் தனக்குத் தோன்றியதை ஆராய்வாரா, கம்பெனி கேட்டதையா? நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது என் கட்டுரை எட்டு மாதம் ஒரு கம்பெனியின் அனுமதிக்காகக் கிடந்தது, அதற்குள் வேறு குழு அதையே வெளியிட்டுவிட்டது.

வெள்ளிமை:
உங்களுக்கு நடந்தது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துறையில் பாதி ஆராய்ச்சியே தயாரிப்பில்தான் இருக்கிறது நண்பரே. சிப்பை ஒட்ட உருக்கி ஊற்றும் உலோகம்தான் சால்டர்; வழக்கமான ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், பெட் (PET) என்ற பிளாஸ்டிக் தாள் அதற்கு ரொம்ப முன்னாலேயே சுருங்கிக் கோணிவிடும். ஆய்வகத்தில் கையால் பத்து செய்துவிடலாம், அதையே சுருளாக ஓடவிட்டுப் பத்தாயிரம் அச்சடிக்கும்போது தாள் இழுபட்டு, ஒரு அடுக்கு இன்னொன்றின் மேல் சரியாக உட்காராது. அந்தச் சிக்கலைப் பெரிய இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் கண்ணில் படும். நியூயார்க் மாநிலத்து பிங்கம்டன் பல்கலைக்கழகத்தில் தொழில்துறையோடு சேர்ந்து இதைச் செய்கிறார்கள்.

மின்தறி:
சரி, இயந்திரத்தை அரசே வாங்கிப் பொதுவில் வைக்கட்டும். முடிவுகளுக்கு ஏன் பூட்டு?

கயல்:
நெதர்லாந்தின் ஐந்தோவனில் ஐமெக், டிஎன்ஓ என்ற இரண்டு ஆராய்ச்சி நிறுவனங்கள் 2005-இல் தொடங்கிய ஹோல்ஸ்ட் சென்டரைப் பாருங்கள். பல கம்பெனிகள் செலவைப் பகிர்ந்து பொது அடிப்படை வேலையைச் சேர்ந்தே செய்கின்றன, போட்டியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மின்தறி:
சந்தா கட்டியவர்களுக்குத்தானே அது பொது, வெளியே இருக்கிற மாணவனுக்கு?

வெள்ளிமை:
இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எத்தனை முறை வளைத்தபின் தடம் விரிசல் விடுகிறது, எந்தப் பசை ஈரத்தில் விட்டுப்போகிறது, இவையெல்லாம் திறந்தே இருக்க வேண்டும், தயாரிப்பின் வடிவமைப்பு மட்டும் கம்பெனியிடம் இருக்கட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கம்பெனி கட்டுரையைப் பார்த்துத் தர 30, 60 நாள் என்று ஒப்பந்தத்திலேயே கெடு எழுதுகின்றன. உங்களுடையதில் இல்லையா?

மின்தறி:
தெரியாது. கையெழுத்துப் போட்டவர் என் வழிகாட்டி. அந்த ஒப்பந்தத்தை எனக்குக் காட்டவே இல்லை.