புதிய அதிபருக்கான விளக்கக் கோப்புகள்: தேவையா, சடங்கா?

கரிசல்காடு:

அமெரிக்காவில் நவம்பர் தேர்தல் முடிந்து ஜனவரி 20 நண்பகலில் புதிய அதிபர் பதவியேற்கும் வரை ஏறத்தாழ பதினோரு வாரங்கள் உள்ளன. அந்த இடைவெளிக்காக ஒவ்வொரு துறையும் தேர்தலுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே நிரந்தரப் பணியில் உள்ள மூத்த அதிகாரி ஒருவரைப் பொறுப்பாளராக அமர்த்த வேண்டும். அரசியல் நியமனம் பெற்றவர்கள் விலகினால் அவரவர் இடத்தை யார் கவனிப்பது என்ற திட்டத்தைச் செப்டம்பர் 15-க்குள்ளும், வரப்போகிறவர்களுக்கான விளக்கக் கோப்புகளை நவம்பர் 1-க்குள்ளும் முடித்து வைக்க வேண்டும் என்று சட்டமே நாள் குறித்திருக்கிறது.

இவ்வளவு உழைப்பும் யாருக்காக என்பதே என் கேள்வி. 2024-இல் வென்ற டிரம்ப் தரப்பு, துறைகளின் தகவல்களைப் பெற அக்டோபர் 1-க்குள் வெள்ளை மாளிகையோடு முடித்திருக்க வேண்டிய உடன்படிக்கையில் நவம்பர் 26 அன்றுதான் கையெழுத்திட்டது. அரசுக் கட்டடங்களையும் கொள்முதலையும் கவனிக்கும் பொது சேவை நிர்வாகம் தர முன்வந்த அலுவலகம், நிதி, பாதுகாக்கப்பட்ட மின்னஞ்சல் ஆகியவற்றை வேண்டாம் என்றே விட்டுவிட்டது. ஆனாலும் ஜனவரி 20 அன்று அவர்கள் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்கள்; முதல் நாளிலேயே ஆணைகள் பிறந்தன. மாதக்கணக்கில் தயாரான கோப்புகள் இல்லாமலேயே இது நடக்கும் என்றால், அந்தக் கோப்புகளைச் சடங்கு என்று சொல்வதில் என்ன தவறு? இன்னும் ஒரு படி மேலே போகிறேன். எந்த நிர்வாகத்தை மாற்ற வேண்டும் என்று மக்கள் வாக்களித்தார்களோ, அதே நிர்வாகம் புதியவருக்கு முதல் பாடம் எடுப்பது மக்களின் தீர்ப்பை மெல்ல நீர்த்துப்போகச் செய்யும் வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பொட்டோமாக்கரை:

வாஷிங்டனில் ஒரு கூட்டாட்சி நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். 2016, 2020 ஆகிய இரண்டு மாற்றங்களின்போதும் விளக்கக் கோப்பு எழுதும் குழுவில் இருந்தேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தடிமனான ஒரு கோப்பு. உள்ளே இருந்த எங்களுக்கு அது முக்கியமாக ஒரு நாட்காட்டி. முதல் முப்பது நாட்களில் எந்த ஒப்பந்தம் காலாவதியாகிறது, எந்த வழக்கில் நீதிமன்றத்துக்குப் பதில் தாக்கல் செய்யக் கடைசி நாள் எது, நாடாளுமன்றத்துக்கு எந்த அறிக்கை போயாக வேண்டும், யாருடைய கையெழுத்து இல்லாவிட்டால் மாநிலங்களுக்குச் செல்லும் மானியம் நின்றுவிடும் என்பதையெல்லாம் தேதிவாரியாக எழுதியிருப்போம். புதியவருக்கு அரசியல் பாடம் எடுக்கும் வரி ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் விதி. தேர்தலில் யார் வெல்வார்கள் என்று தெரியாத கோடைக்காலத்திலேயே எழுதத் தொடங்குவதால் அந்த விதியைக் காப்பது கடினமாகவும் இருக்கவில்லை.

ஒவ்வொரு பிரிவும் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளப் பார்க்கும் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஒரு பிரிவு நாற்பது பக்கம் எழுதி அனுப்பியது. எங்கள் பொறுப்பாளர், முப்பது ஆண்டுகள் பணியில் இருந்த அம்மையார், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதைப் படிப்பவர் திங்கட்கிழமை காலையில் என்ன முடிவெடுக்க வேண்டும்?" பதில் சொல்ல முடியாத பக்கங்கள் எல்லாம் வெளியேறின. மிஞ்சியவை நான்கு பக்கங்கள்.

2016-இல் நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். தேர்தல் முடிந்த மறுநாள் காலையிலேயே வரும் குழுவுக்கு ஓர் அறை தயாராக இருந்தது. கணினிகளும் நுழைவு அட்டைகளுக்கான படிவங்களும் மேசைமேல் வரிசையாக இருந்தன. பல வாரங்கள் யாரும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் மாலையில் அந்த அறையைப் பூட்டும்போது எனக்கு ஏற்பட்ட வருத்தம், எங்கள் உழைப்பு வீணாகிறதே என்பதற்காக அல்ல. அந்த நாட்காட்டியில் இருந்த தேதிகள் யாருக்காகவும் காத்திருக்கப் போவதில்லை என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

சட்டப்பலகை:

சட்டம் எப்படி வளர்ந்தது என்பதை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. 1963-ஆம் ஆண்டின் அதிபர் மாற்றச் சட்டத்துக்கு முன்பு வென்றவர் தம் கட்சிப் பணத்திலும் நன்கொடையிலும்தான் இந்த வாரங்களைக் கடத்தினார். அதற்குப் பின் வந்த திருத்தங்களில் பல ஏதோ ஒரு காயத்துக்குக் கட்டப்பட்ட கட்டு. 2000-இல் ஃபுளோரிடா வாக்கு எண்ணிக்கைத் தகராறு 36 நாள் நீடித்ததால் மாற்றக் காலம் பாதியாகச் சுருங்கியது. முக்கியப் பதவிகளுக்கு ஆட்களைத் தேர்ந்து, பின்னணி விசாரித்து, செனட்டின் ஒப்புதல் பெறுவதை அந்தத் தாமதம் பாதித்தது என்று செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த ஆணையம் பின்னர் எழுதியது. அதன் விளைவாகவே, வேட்பாளர்கள் தேர்தலுக்கு முன்பே தங்கள் குழுவினரின் பெயர்களைப் பாதுகாப்பு அனுமதிக்கு அனுப்பலாம் என்று 2004-இல் சட்டம் வந்தது.

2020-இல் வேறொரு ஓட்டை தெரிந்தது. வென்றவர் யார் என்று பொது சேவை நிர்வாகத்தின் தலைவர் எழுத்தில் உறுதிசெய்தால்தான் துறைகளின் கதவு திறக்கும். நவம்பர் 3 அன்று நடந்த தேர்தலுக்கு அந்தக் கடிதம் நவம்பர் 23 அன்றுதான் வந்தது. பெருந்தொற்றின் நடுவே, தடுப்பூசி விநியோகத் திட்டம் தீட்டப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இருபது நாட்கள் போயின. தேர்தல் முடிந்த ஐந்து நாட்களுக்குள் ஒருவரைத் தவிர மற்றவர்கள் தோல்வியை ஒப்புக்கொள்ளாவிட்டால் போட்டியில் எஞ்சியிருக்கும் எல்லோருக்கும் உதவிகளைத் திறந்துவிட வேண்டும் என்று 2022-இல் திருத்தியது அதனால்தான்.

ஆனால் கரிசல்காடு ஐயா சுட்டிய 2024 நிகழ்வில் உள்ள உண்மையான குறை வேறு. இத்தனை திருத்தங்களும் போகிறவரைத்தான் கட்டுப்படுத்துகின்றன. வருகிறவர் உடன்படிக்கையில் கையெழுத்திட மறுத்தால் அவரை எதுவும் செய்ய இயலாது. இருக்கும் கதவுக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி. கோப்பு படிக்கப்படவில்லை என்பதற்காகக் கோப்பைக் குறைசொல்வது, கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பவருக்குப் பதிலாகத் தபால்காரரைக் கோபித்துக்கொள்வது போன்றது.

கரிசல்காடு:

செப்டம்பர் 11-ஐ எடுத்துக்கொண்டதால் அதையே பார்ப்போம். கிளின்டன் காலத்திலிருந்து வெள்ளை மாளிகையில் பயங்கரவாத எதிர்ப்புப் பணியை ஒருங்கிணைத்து, தொடர்ந்து பணியில் இருந்த ரிச்சர்ட் கிளார்க், புஷ் பதவியேற்ற ஐந்தாம் நாள், 2001 ஜனவரி 25 அன்றே, அல்-காய்தா குறித்து அமைச்சர்நிலைக் கூட்டம் உடனடியாகத் தேவை என்று எழுதினார். அந்தக் கூட்டம் நடந்தது செப்டம்பர் 4 அன்று. ஆகவே, எழுதுபவர் இருந்தார், எழுத்தும் இருந்தது, அதை உரியவரும் பெற்றுக்கொண்டார். 2017 ஜனவரி 13 அன்று ஒபாமா குழுவும் டிரம்ப் குழுவும் ஒரே மேசையில் அமர்ந்து, பெருந்தொற்று உட்பட்ட நெருக்கடிகளை ஒத்திகை பார்த்தன. 2020-இல் உண்மையான தொற்று வந்தபோது, அந்த மேசையில் அமர்ந்திருந்த டிரம்ப் குழுவினரில் பெரும்பகுதியினர் அரசுப் பணியிலேயே இல்லை. இவ்விரண்டிலும் ஆயத்தம் குறைவாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆயத்தத்துக்கும் விளைவுக்கும் இடையே நீங்கள் நினைக்கும் கயிறு மிக மெல்லியது.

அதிகாரிகளின் நடுநிலை குறித்தும் எனக்கு ஐயம் உண்டு. 2016 டிசம்பரில் டிரம்ப் குழு எரிசக்தித் துறைக்கு 74 கேள்விகளை அனுப்பியது. பருவநிலை குறித்த கூட்டங்களில் பங்கேற்ற ஊழியர்களின் பெயர்களும் அதில் கேட்கப்பட்டன. தனிநபர் பெயர்களைத் தர மாட்டோம் என்று துறை மறுத்தது. சில நாட்களில் அந்தத் துறைக்கு எசமானராகப் போகிறவரின் குழு கேட்கும் தகவலை, எது பொருத்தம், எது பொருத்தமில்லை என்று துறை தானே முடிவு செய்யுமானால், இந்த ஏற்பாட்டில் மேலே இருப்பவர் யார்?

பொட்டோமாக்கரை:

அந்த 74 கேள்விகள் குறித்து நாங்கள் அப்போதே நிறையப் பேசினோம். திட்டங்கள், செலவு, ஆய்வகங்கள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் தருவதும், பணித்தேவைக்காக ஒரு கூட்டத்துக்குப் போன விஞ்ஞானியின் பெயரைத் தருவதும் ஒன்றல்ல. அந்தக் கேள்விப் பட்டியல் முறையான ஒப்புதல் இல்லாமல் போய்விட்டது என்று டிரம்ப் குழுவே பிறகு சொன்னது. மேலும் ஜனவரி 20 வரை நாட்டுக்கு ஒரே ஓர் அதிபர்தான் உண்டு. கேட்பவர் நாளைய எசமானராக இருக்கலாம். இன்று அவர் விருந்தினர்.

கிளார்க்கின் கடிதத்தை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். ஐந்தாம் நாளில் அப்படியொரு கடிதத்தை எழுத முடிந்தது எப்படி? ஆட்சி மாறியும் அவர் மாறாமல் அதே மேசையில் இருந்ததால். ஏழு மாதம் கூட்டம் கூடாததற்குப் பல காரணங்கள் இருந்திருக்கலாம்; அடுத்தநிலைப் பதவிகள் நிரம்பத் தாமதமானதும் அவற்றில் ஒன்று என்றே ஆணையம் கருதியது. நீங்கள் சொன்ன 2017-க்கு எதிர்ப்பக்கமாக 2009 இருக்கிறது. ஜனவரி 13 அன்று புஷ் குழுவும் ஒபாமா குழுவும் சேர்ந்து ஒத்திகை பார்த்தன. ஒரே வாரத்தில், பதவியேற்பு விழாவையே குறிவைத்து சோமாலியாவின் அல்-ஷபாப் தாக்கக்கூடும் என்ற தகவல் வந்தபோது, இரு குழுவினரும் வெள்ளை மாளிகையில் ஒன்றாக அமர்ந்து அதை ஆராய்ந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. மெல்லிய கயிறுதான், ஐயா. அறுந்தால் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லாத இடத்தில் அது கட்டப்பட்டிருக்கிறது.

நடுநிசி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பிரிட்டனில் 2024 ஜூலை 4 அன்று தேர்தல் நடந்தது, மறுநாளே ஸ்டார்மர் பிரதமரானார். பதினோரு வாரமும் இல்லை, பொது சேவை நிர்வாகத்தின் கடிதமும் இல்லை. அமெரிக்காவுக்கு மட்டும் இவ்வளவு ஏற்பாடு ஏன்?

சட்டப்பலகை:

அங்கே மாறுகிறவர்கள் நூற்றுச் சொச்சம் அமைச்சர்களும் அவர்களுடைய ஆலோசகர்களும்தான். துறைச் செயலாளர்கள் அப்படியே இருப்பார்கள், எதிர்க்கட்சியோடு தேர்தலுக்கு முன்பே அவர்கள் பேசுவதற்கு 1964 முதல் மரபும் உண்டு. அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 இடங்கள் அரசியல் நியமனம். அவற்றில் 1,200-க்கும் மேற்பட்டவற்றுக்குச் செனட்டின் ஒப்புதல் வேண்டும். ஜனவரி 20 நண்பகலில் ஒரு துறையின் மேல்தளமே காலியாகும். அந்த நிமிடத்திலிருந்து பெரும்பாலான நாற்காலிகளில் தற்காலிகமாக அமர்கிறவர், செப்டம்பரில் எழுதிய திட்டத்தில் பெயர் உள்ள நிரந்தர அதிகாரிதான். 1978-இல் உருவான மூத்த நிர்வாகப் பணியில் உள்ள ஏறத்தாழ 8,000 பேரில் பத்து விழுக்காட்டுக்கு மேல் அரசியல் நியமனம் கூடாது என்ற வரம்பும், புதிய தலைவர் வந்த முதல் 120 நாட்களுக்கு அந்த அதிகாரிகளை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக இடம் மாற்றக் கூடாது என்ற தடையும் இதற்காகத்தான். பழக நேரம் கொடுத்து, பிறகு முடிவெடுக்கச் சொல்கிறது சட்டம்.

கொள்கை சார்ந்த நிரந்தரப் பதவிகளை எளிதில் நீக்கத்தக்க தனிப்பட்டியலுக்கு மாற்றும் ஆணையை டிரம்ப் 2020 அக்டோபரில் பிறப்பித்தார். பைடன் வந்ததும் அதை ரத்து செய்தார். 2025 ஜனவரி 20 அன்று அது மீண்டும் வந்தது. இதில் எனக்குள்ள கவலையை வெளிப்படையாகவே சொல்கிறேன். தன் வேலை போகும் என்று அஞ்சும் அதிகாரி எழுதும் விளக்கக் கோப்பில், வருகிறவர் கேட்க விரும்பாத செய்தி இடம்பெறாது.

கரிசல்காடு:

நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். அறையைப் பூட்டிக்கொண்டு போன நண்பரின் வருத்தமும் எனக்குப் புரிகிறது. சடங்கு என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பதவியேற்பின்போது காலியாக இருக்கும் பதவியில் தற்காலிகப் பொறுப்பாளர் 300 நாள் வரை இருக்கலாம் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதையும் சேர்த்துப் பாருங்கள். யாரும் தேர்ந்தெடுக்காத ஒருவர், மக்கள் பார்வைக்கு வராத ஒரு கோப்பை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ பத்து மாதம் ஒரு துறையை நடத்த முடிகிறது. ஆகவே என் வாதத்தைச் சுருக்கி, ஒரு கோரிக்கையாக வைக்கிறேன். இரகசியம் அல்லாத விளக்கக் கோப்புகள் அனைத்தையும் பதவியேற்பு நாளிலேயே பொதுவில் வெளியிட வேண்டும். இப்போது தகவல் உரிமைச் சட்டப்படி யாராவது விண்ணப்பித்துப் போராடினால்தான் சில வெளிவருகின்றன. புதிய அமைச்சர் அறிய வேண்டிய குறையை, அந்தத் துறைக்கு வரி கட்டுகிறவரும் அறியட்டும்.

பொட்டோமாக்கரை:

இந்தக் கோரிக்கையை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் கோப்பு எழுதிய கை என்ற முறையில் என் தயக்கத்தைச் சொல்ல வேண்டும். 2020-இல் நாங்கள் எழுதிய கோப்பில், பணம் பட்டுவாடா செய்யும் பழைய கணினி அமைப்பு ஒன்று விண்ணப்பங்கள் இருமடங்கானால் தாங்காது என்று ஒரு வரி இருந்தது. அதை எழுத எங்களுக்குள் மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது. அந்த அமைப்பைப் பராமரித்த பிரிவு கடைசி வரை எதிர்த்தது. பொறுப்பாளர் அம்மையார் தம் பொறுப்பில் அதைச் சேர்த்தார். பொதுவில் வெளியாகும் என்று தெரிந்திருந்தால் அந்த வரி 'மேம்படுத்தும் பணிகள் தொடர்கின்றன' என்று மாறியிருக்கும். அப்படி எத்தனை வரிகள் மாறுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெருந்தொற்று காரணமாக, அந்த ஆண்டு வந்த குழுவோடு எல்லாச் சந்திப்பும் காணொளியில்தான். முதல் சந்திப்பில், வணக்கம் சொல்லி முடித்ததும், குழுத் தலைவர் அச்செடுத்த ஒரு தாளைக் கேமராவுக்கு நேரே பிடித்தார். அந்த ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டிருந்தது. அன்றைய ஒரு மணி நேரமும் அதைப் பற்றியே பேசினோம்.

கரிசல்காடு:

அந்த வரி 2016-இல் நீங்கள் பூட்டிய அறையில் இருந்த கோப்பிலும் இருந்ததா என்று மட்டும் சொல்லுங்கள். இருந்தது என்றால், அது நான்கு ஆண்டுகள் மேசைமேல் கிடந்ததற்கு, வாசிக்க வேண்டியவர் ஒருவர் மட்டுமே என்று இந்த ஏற்பாடு வைத்திருப்பதைத்தான் நான் காரணமாகச் சொல்வேன்.

பொட்டோமாக்கரை:

இருந்தது, ஐயா. வேறு சொற்களில், பதினேழாம் பக்கத்தில்.